காணையில் எண்ணாமல் விட்ட கை

முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம். திண்டிவனத்தில் நான் சரித்திர வாத்தியார். பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது. விழுப்புரம் பக்கம் காணை கிராமத்தில் வாசகசாலை நடத்தும் பண்ணையாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அடிமை விஷயத்தில் அமெரிக்கா எப்படி இரண்டாகப் பிளந்து உள்நாட்டுச் சண்டையில் இறங்கியது என்று பேச வேண்டுமாம். மறுநாள் பொன்னேர் பூட்டுகிறோம், வருஷத்தின் முதல் உழவு, இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் எழுதியிருந்தார். பேசக் கூப்பிட்டால் வாத்தியாருக்குக் கால் தரையில் நிற்குமா? உடனே கிளம்பிவிட்டேன்.

திண்டிவனத்தில் ரயில் காலை ஒன்பது நாற்பதுக்கு. மூன்றாம் வகுப்பு ஏழணா. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒன்றையும் விடாமல் நின்று, இருபத்து மூன்று மைலை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்தது. விக்கிரவாண்டியில் காலணாவுக்கு வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கை கொள்ளாமல் கொடுத்தார்கள். அதை வாங்காமல் போகாதீர்கள்.

விழுப்புரம் ஜங்ஷனில் பண்ணையாரின் மாட்டு வண்டி காத்திருந்தது. ஓட்டி வந்தவர் ஏழுமலை, பண்ணையின் படியாள். அதாவது, வருஷம் பூராவும் ஒரே பண்ணைக்கு உழைத்து, தானியமாகப் படி வாங்கிக்கொண்டு, பண்ணையார் மனையிலேயே குடிசை போட்டு இருப்பவர். அன்று ‘அவன்’ என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அப்படி எழுத வரவில்லை.

காணை ஆறு மைல். மாடுகள் நிதானமானவை, இரண்டு மணி நேரம் ஆயிற்று. பேச்சுக்கு நேரம் இருந்தது.

“நாளைக்குப் பொன்னேரு பூட்டுறப்ப ஆண்டை வெத்தல பாக்கு குடுப்பாரு வாத்தியாரய்யா. வாங்கிக்கினா இன்னும் ஒரு வருசம் இங்கதான். ஜங்ஷன்ல மேஸ்திரி, ரயில் ரோட்டு கேங்கு வேலைக்கு வர்றியான்னு கேட்டுக்கினு இருக்காரு. வெத்தல வாங்கலன்னா குடிசை போயிடும். என் பொஞ்சாதி அஞ்சலை வாங்காதேன்றா. எனக்குத்தான் ரோசனையா கீது.”

நான் பேச்சை மாற்றி, அன்று பேசப் போகும் விஷயத்தைச் சொன்னேன். வடக்கு மாகாணங்களும் தெற்கு மாகாணங்களும் அடித்துக்கொண்டன என்றேன். அவர் மாட்டைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

“சரி, அந்த அடிமை ஆளுங்க எந்தப் பக்கம் நின்னாங்க?”

என் குறிப்பில் சட்டம் இருந்தது, தேர்தல் இருந்தது, வரைபடம் இருந்தது. அது மட்டும் இல்லை. பலபேர் வடக்குப் பட்டாளம் வந்த பக்கமாக ஓடினார்கள் என்றேன். “நடந்தேவா?” என்றார். நடந்துதான் என்றேன்.

கூட்டம் நாலு மணிக்கு. உள்ளே பெஞ்சுகளில் நாற்பது பேர்; வெளியே புங்கமரத்தடியில் படியாட்கள், ஏழுமலையும் அவர்களோடு. ஒன்றரை மணி நேரம் பேசினேன். தெற்கே பருத்திக் காடுகளில் ஆளை விலைக்கு வாங்கி வேலை வாங்கியதையும், மேற்கே புதிதாக ஒவ்வொரு மாகாணம் சேரும்போதும் அங்கே அடிமை உண்டா இல்லையா என்று சண்டை வந்ததையும் சொன்னேன். ஒரு கோடு போட்டு இதற்கு வடக்கே கூடாது என்று சமாதானம் செய்தார்கள். பிறகு அந்தக் கோட்டையும் அழித்தார்கள். அடிமை இனிப் பரவக் கூடாது என்றவர்கள் தேர்தலில் ஜெயித்ததும், தெற்கு மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. ‘நாங்கள் சோறு போடுகிறோம், குடிசை கொடுக்கிறோம், விட்டால் இவர்கள் எங்கே போவார்கள்’ என்று எஜமானர்கள் வாதாடியதைச் சொன்னபோது வெளியே யாரோ இருமினார்கள். துறைமுகக் கோட்டையில் முதல் பீரங்கி வெடித்ததோடு முடித்துக்கொண்டேன்.

அந்த வாசகசாலையில் ஒரு வழக்கம். பேச்சு முடிந்ததும் கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். அடிமை வைப்பது தப்பு என்பவர்கள் யார் என்றதும் நாற்பது கையும் உயர்ந்தது. முதல் கை பண்ணையாருடையது, கண்கூடக் கலங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையும் தூக்கினார். “உள்ள இருக்கறவங்க மட்டும்” என்று சொல்லிவிட்டு எண்ணினார் காரியதரிசி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வயலில் பூஜை. பண்ணையார் தட்டிலிருந்து வெற்றிலையை நீட்டினார். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னாடா, வாங்கிக்கோ.”

“ஆண்டை கோவிச்சுக்கக் கூடாது. நேத்து ஆண்டையும்தான் கை தூக்கினீங்க.”

பண்ணையார் என் பக்கம் திரும்பினார். “சார், அது அமெரிக்கா சங்கதின்னு நீங்களே சொல்லுங்க.”

கடிகாரத்தைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்த்தேன். பிறகு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “தப்பா என்றுதான் கேட்டோம். எந்த ஊரில் என்று கேட்கவில்லையே” என்றேன்.

தட்டு கீழே இறங்கியது. “பொழுது சாயறதுக்குள்ள மனையை விட்டுடு” என்றார் ஏழுமலையிடம். என்னிடம், “சாருக்கு வண்டி ஓட்ட ஆள் இல்லீங்க” என்றார்.

ஒன்பது மணிக்கு மூன்று பேரும் நடந்தோம். அஞ்சலை இடுப்பில் பெண் குழந்தை, தலையில் பானைகள். பாயையாவது நான் தூக்கி வருகிறேன் என்றேன். அஞ்சலை தயங்கி, அப்புறம் கொடுத்தார். திருவாமாத்தூர்ப் பிரிவைத் தாண்டினோம்.

“சண்டையில யாரு ஜெயிச்சாங்கன்னு நீங்க சொல்லவேயில்லயே” என்றார் ஏழுமலை.

“வடக்கு. அடிமை கூடாது என்று சட்டமும் போட்டார்கள்.”

அஞ்சலை திரும்பிப் பார்த்தார். “அப்புறம் அவங்களுக்கு நெலம் கிலம் குடுத்தாங்களா?”

பெரும்பாலானவர்களுக்கு இல்லை என்றேன். பழைய எஜமானர் நிலத்திலேயே பலர் மறுபடி உழைத்தார்கள் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அஞ்சலை தலைப் பானையைச் சரிசெய்துகொண்டார்.

“அப்ப கேங்குதான் நல்லது. ஜல்தி நடங்க, மேஸ்திரி சாப்பிடப் போயிடுவாரு” என்றார்.

பதினொன்றரைக்கு ஜங்ஷன். மேஸ்திரி இருந்தார். ஏழுமலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தார். பாயை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு டிக்கெட் வாங்கப் போனேன்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: காணை வழி முழுக்க வெயில், குடை அவசியம். நடந்தால் இரண்டரை மணி நேரம். திரும்பும் வண்டியை நம்பிப் போக வேண்டாம். பேசப் போகிறவர்களானால் சண்டை எப்படித் தொடங்கியது என்பதோடு நிறுத்தாதீர்கள். முடிந்த பிறகு யாருக்கு என்ன கிடைத்தது என்பதையும் படித்துக்கொண்டு போங்கள். வெளியே நிற்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.