டிப்ஸ் மெஷின் வந்ததும் போனதும்

1. நகத்தால் சுரண்டிய அம்மா

சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எங்கள் மெனு கார்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவர், எதிரில் இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் தலை இன்னும் ஈரம். வாட்டர் ஸ்லைடிலிருந்து நேராகச் சாப்பிட வந்திருந்தார்கள்.

எங்கள் கார்டில் விலையை அச்சடிப்பதில்லை. அதாவது, ஒரே ஒரு முறைதான் அச்சடித்தோம். அதற்குப் பிறகு விலை ஏறும்போதெல்லாம் வெள்ளை ஸ்டிக்கர். வெஜ் மீல்ஸுக்கு மட்டும் மூன்று ஸ்டிக்கர் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது. அந்த அம்மா மூன்றையும் பக்குவமாக உரித்து, டேபிள் ஓரத்தில் வரிசையாக ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்க மேடம், முந்நூத்தி அம்பது, முந்நூத்திப் பத்து, எரநூத்தி அறுபது, நூத்தித் தொண்ணூறு. இதுல எது உங்க ரேட்டு?"

"மேல இருந்ததுங்கம்மா."

"அப்ப இது?"

"அது போன வருஷத்து ரேட்டுங்க."

"இது?"

"அதுக்கு முந்தின வருஷம்."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல, நூத்தித் தொண்ணூறு இருக்கறப்பவே வந்திருக்கணும்னு."

பக்கத்து டேபிள்கூடச் சிரித்துவிட்டது. கடைசியில் இரண்டு மீல்ஸ் சொல்லி, நாலு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பில்லைக் கட்டிவிட்டு, வாழ்த்திவிட்டுப் போனார்கள். டிப்ஸ் வைக்கவில்லை. நானாக இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன்.

மைசூருக்கு வெளியே, ரிங் ரோட்டைத் தாண்டி இருக்கும் ஒரு தீம் பார்க்கின் ரெஸ்டாரன்ட் அது. பில்லிங் கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு வெயிட்டர்களுக்குக் கேப்டன், கடைசியில் ஃப்ளோர் சூப்பர்வைசர். மொத்தம் பதினாறு வருஷம். சாப்பாட்டு விலை ஏன் அப்படி ஏறுகிறது என்று அங்கே கேட்காத கஸ்டமர் இல்லை. கேஸ், எண்ணெய், பார்க்குக்குக் கட்டும் பங்கு என்று நாங்கள் பாடம் ஒப்பிப்போம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் கேட்டிலேயே பையைச் சோதித்துப் புளியோதரை டப்பாவை வாங்கி வைத்துவிடுகிறார்கள், உள்ளே எங்களை விட்டால் வேறு சாப்பாட்டுக் கடை கிடையாது என்பதும் உண்மை. அதைக் கஸ்டமரிடம் சொல்ல முடியாது. இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன், சொல்கிறேன்.

ஸ்டிக்கர் ஒன்று ஏறினால் டிப்ஸ் ஒரு படி இறங்கும். இது எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். நூற்றித் தொண்ணூறு ரூபாய் சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போனவர், முந்நூற்றி ஐம்பதுக்கு ஒன்றும் வைக்க மாட்டார். அவர் கணக்கில் அவர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. எங்கள் வெயிட்டர்களுக்கோ சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது. பஸ் பாஸும் காய்கறியும் டிப்ஸில்தான் ஓடின.

2. என் ஐடியா

மாதாமாதம் ஒரு மீட்டிங் நடக்கும். எங்கள் சாப்பாட்டுப் பிரிவு மேனேஜர் பிரகாஷ் சார், மைசூர்க்காரர், நல்ல மனிதர். ஆனால் எதையும் நம்பராகச் சொன்னால்தான் காதில் விழும். ஆட்கள் வேலையை விட்டுப் போகிறார்களே, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். மகளோடு பெங்களூரில் ஒரு காபி கடைக்குப் போயிருந்தபோது பார்த்தது. ஸ்வைப் மெஷினிலேயே டிப்ஸ் கேட்கும். பில் தொகை வந்ததும் ஸ்கிரீனில் மூன்று பட்டன்: பத்து பர்சென்ட், பதினைந்து, இருபது. ஒன்றை அமுக்கினால்தான் பணம் கட்டும் க்யூஆர் வரும். வேண்டாம் என்றால் 'ஸ்கிப்' உண்டு. ஆனால் அது கீழே, இங்கிலீஷில், எறும்பு சைஸில் இருக்கும்.

பிரகாஷ் சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கம்பெனிக்குக் காலணா செலவில்லையே!

முதல் மாதம் அமோகம். டிப்ஸ் மூன்று மடங்கானது. ஸ்டாஃப் ரூமில் ஒரு கிலோ மைசூர் பாக் வாங்கி எனக்கு முதல் துண்டைக் கொடுத்தார்கள். நானும் பெருமையாக வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரே ஒருவர் பெயருக்கு நேராக மட்டும் ரிப்போர்ட்டில் பூஜ்யம். மாதேஷ்.

மாதேஷுக்கு நாற்பது வயதிருக்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் விவசாயக் குடும்பம். பேச்சு அப்படியே ஈரோட்டுப் பக்கப் பேச்சு மாதிரி இருக்கும். எங்களிடம் இருந்தவர்களில் நம்பர் ஒன் வெயிட்டர் அவர்தான். எட்டு பேர் ஆர்டரை எழுதாமல் வாங்கிப் போய், ஒன்றுகூடப் பிசகாமல் கொண்டு வைப்பார். அவருக்குப் பூஜ்யமா?

"மெமோ கொடுங்க மேடம்" என்றார் பிரகாஷ் சார். "மெஷினை யூஸ் பண்ணத் தெரியல போல."

தெரியாமல் இல்லை. ஒரு மத்தியானம் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாதேஷ் மெஷினைத் தன் பக்கமாகத் திருப்பி, கட்டைவிரலால் 'ஸ்கிப்' அமுக்கி, க்யூஆர் வந்த பிறகுதான் கஸ்டமரிடம் நீட்டினார். ஒவ்வொரு டேபிளிலும்.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் மாதேஷ்? வர்ற காசை வேணாம்னு தள்ளறீங்க?"

"காசு வேணாம்னு யாரு சொன்னாங்கக்கா. முன்ன பத்து ரூவா குடுத்தாலும் என்ற மூஞ்சியப் பாத்துக் குடுப்பாங்க. இப்ப மெஷினப் பாக்கறாங்க. அப்பறம் சம்சாரத்தப் பாக்கறாங்க. அப்பறம் பக்கத்து டேபிள்காரன் பாக்கறானான்னு பாக்கறாங்க. என்னைய மட்டும் பாக்கறதில்லீங்க்கா. கத்தியக் காட்டிக்கிட்டு நிக்கற மாதர இருக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் எல்லோருக்காகவும்தானே கொண்டுவந்தேன், இவர் என்ன பெரிய இது என்று நினைத்தேன். மெமோ டைப் செய்தேன். திங்கட்கிழமை கொடுக்கலாம் என்று டிராயரில் போட்டு வைத்தேன். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அவர் லீவு. மாதேஸ்வரன் மலையில் அண்ணன் பிள்ளைக்கு மொட்டை.

3. அவர் செக்ஷனில் ஒரு ஞாயிறு

ஆள் குறைந்ததால் மாதேஷின் செக்ஷனை நானே எடுத்துக்கொண்டேன். ஆறு டேபிள். மெஷினைக் கையில் பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

முதலில் ஒரு ஐடி ஜோடி. பேசிக்கொண்டே பத்து பர்சென்ட்டை அமுக்கிவிட்டுப் போனார்கள். அடுத்தது ஒரு காலேஜ் கும்பல். "இருபது அமுக்கு மச்சி, அவன் கார்டுதானே" என்று ஒருவன் கத்த, கார்டுக்குச் சொந்தக்காரன் மெஷினைப் பிடுங்க, ஒரே சிரிப்பு. நல்லாத்தானே போகிறது, மாதேஷுக்கு என்ன கேடு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது டேபிளில் ஒரு குடும்பம். கொள்ளேகாலில் டூ வீலர் மெக்கானிக்காக இருப்பதாகக் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். மனைவி, வயதான அப்பா, ஆறேழு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு அன்று பிறந்த நாள். மெனு கார்டை வலது பக்கத்திலிருந்து, அதாவது விலையிலிருந்து படித்தார். இரண்டு மீல்ஸ், ஒரு தயிர் சாதம், குழந்தைக்கு ஒரு நூடுல்ஸ். வாயசைவிலேயே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஜக்கில் கொடுங்கள் என்றார். கொடுத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் மெஷினை நீட்டினேன். அவர் ஸ்கிரீனையே பார்த்தார்.

"இது வரிங்களா மேடம்?"

"இல்லைங்க. டிப்ஸ்."

"ஓ. எவ்வளவு போடோணுங்க?"

போட வேண்டியதில்லை என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாலடி தள்ளி பிரகாஷ் சார் நின்றிருந்தார். நான் ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்போடு, "உங்க இஷ்டங்க" என்றேன்.

அவர் திரும்பவும் ஸ்கிரீனைப் பார்த்தார். "இஷ்டம்னு எங்கயும் போடலீங்களே" என்றார். கிண்டலாக இல்லை. நிஜமாகவே தேடினார்.

அப்பாவும் மனைவியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து பர்சென்ட்டை அமுக்கினார். அமுக்கும்போது என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். குழந்தை, "அப்பா, ஐஸ்கிரீம்?" என்றது. "வெளிய போய் வாங்கலாம் சாமி, வெளிய நல்லா இருக்கும்" என்றார்.

போகும்போது கும்பிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அந்தக் குழந்தையின் ஐஸ்கிரீம் எங்கள் டிப்ஸ் பெட்டிக்கு வந்துவிட்டது, நான்தான் வாங்கினேன். அன்றைக்கு மீதி டேபிள்களில் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பிரகாஷ் சார் கிச்சன் பக்கம் போகும்வரை காத்திருந்து, மெஷினை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். தூணுக்குப் பின்னால் நின்று யாராவது என்னைப் பார்த்திருந்தால் எனக்கும் ஒரு மெமோ கிடைத்திருக்கும்.

திங்கட்கிழமை டிராயரில் இருந்த மெமோவைக் கிழித்தேன். மாதேஷ் மலைக்கோயில் லட்டு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி அங்கேயே சாப்பிட்டேன்.

4. ஸ்டாப்வாட்ச்

பிரகாஷ் சாரிடம் போய் ஒரு குடும்பம் சங்கடப்பட்டது என்றால் என்ன சொல்வார்? "பாவம் மேடம்" என்பார். அதோடு முடிந்தது. அவருக்கு நம்பர் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நின்றேன். டிப்ஸ் ஸ்கிரீன் இல்லாமல் ஒரு பில் கட்ட அரை நிமிஷம் போதும். ஸ்கிரீன் வந்தால் ஒன்றரை நிமிஷம். யோசிப்பார்கள், கேட்பார்கள், 'ஸ்கிப்'பைத் தேடுவார்கள், பாத்ரூம் போன கணவர் வரட்டும் என்று காத்திருப்பார்கள். டேபிளுக்கு ஒரு நிமிஷம் என்றால், மத்தியானக் கூட்டத்தில் அறுபது டேபிளுக்கு எவ்வளவு? வாசலில் கியூ நின்று, பொறுமை போய், பாப்கார்ன் வண்டிக்குப் போன குடும்பங்களையும் எண்ணினேன். அன்று மட்டும் பதினோரு குடும்பம்.

பேப்பரை நீட்டினேன். பிரகாஷ் சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நீங்கதானே இதைக் கொண்டுவந்தது?"

"நான்தான் சார். அதனாலதான் நானே வந்து சொல்றேன்."

நம்பாமல் தானே வந்து நின்றார். அவர் அதிர்ஷ்டம், முதல் டேபிளிலேயே ஒரு ரிட்டயர்டு பெரியவர், மைசூர் விஜயநகர்க்காரர். மெஷினைக் கையில் வாங்கி, பர்சென்ட் என்பது வரியோடு சேர்த்தா, வரிக்கு முன்னாலா என்று விளக்கம் கேட்க ஆரம்பித்தார். மூன்று நிமிஷம் ஆயிற்று. வாசலில் கியூ நீண்டு வெயிலுக்குப் போய்விட்டது.

"ஆய்த்து, தெகீரி" என்றார் பிரகாஷ் சார். கன்னடத்தில் சரி, எடுத்துவிடுங்கள் என்று அர்த்தம். மூன்று பட்டன்களும் அன்று சாயங்காலமே போயின.

5. என்மேல் கோபம்

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தால் தப்பு. ஸ்டாஃப் ரூமில் யாரும் என்னோடு பேசவில்லை. கவுன்ட்டரில் இருந்த சாந்தா மட்டும் நேராகக் கேட்டாள்.

"கலாக்கா, நீங்களே குடுத்தீங்க, நீங்களே புடுங்கிட்டீங்க. என் பையன் டியூஷன் ஃபீஸுக்கு இப்ப என்ன பண்றது?"

அவள் கேட்டது நியாயம். மாதேஷ் டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கம்பெனிகிட்ட ஒருக்காவாச்சும் கேட்டமாக்கா?"

கேட்டதில்லை. அதுவரை பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. விலை மூன்று தடவை ஏறியதே, சம்பளம் ஏன் ஏறவில்லை என்று நான் எந்த மீட்டிங்கிலும் வாயைத் திறந்ததில்லை. ஈரத் தலையோடு சாப்பிட வந்தவர்களிடம் கேட்க மெஷினில் பட்டன் வைக்கச் சொன்னேன்.

ஏழு பேர் சேர்ந்து எச்.ஆர். ரூமுக்குப் போனோம். ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருந்தது, இப்போது போய் வம்பா என்று வீட்டில் வேறு சொல்லியிருந்தார்கள். எச்.ஆர்.காரர் எங்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன இது, யூனியனா?"

"இல்ல சார்" என்றாள் சாந்தா. "லஞ்ச் பிரேக்."

ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு நாட்களுக்கும் தனி அலவன்ஸ் கேட்டோம். பார்க்கிறேன் என்றார். மூன்று மாதம் பார்த்தார். நடுவில் என்னை இரண்டு தடவை தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சீனியர், நீங்களே இப்படியா" என்றார். நான் ஸ்டாப்வாட்ச் பேப்பர் மாதிரி இன்னொரு பேப்பர் கொண்டுபோனேன். ஒரு வருஷத்தில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், புது ஆளுக்கு ட்ரெயினிங் எத்தனை நாள், அந்த நாட்களில் எத்தனை ஆர்டர் தப்பாகப் போனது. கேட்டதில் பாதி கிடைத்தது. பாதிதான். ஆனால் மாதாமாதம், யார் முகத்தையும் பார்க்காமல், சம்பளத்தோடு வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கஸ்டமர் மனசு வைத்துக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம். ஆனால் விலை போட்டவரிடம் கேட்க வேண்டியதை, விலை கொடுப்பவரிடம் கேட்காதீர்கள். நான் கேட்டேன், அதனால் சொல்கிறேன்.

அந்த வருஷம் தசரா லீவில் கூட்டமென்றால் கூட்டம். அலவன்ஸ் வந்த முதல் மாதம். மாதேஷ் ஒரு பெரிய குடும்பத்துக்குத் தட்டு வைத்துக்கொண்டே ஏதோ சொல்ல, அந்த டேபிளே சிரித்தது, அவரும் சிரித்தார். திரும்பி வரும்போது, "என்ன மாதேஷ், அவ்வளவு சிரிப்பு? பெரிய நோட்டா வருமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாதுங்க்கா" என்றார். "இன்னிக்குச் சும்மாத்தான் சிரிச்சேன்."