வெள்ளைத் தேநீரும் சாத்திய ஜன்னலும்

கோத்தகிரிக்குப் போய் வந்த மகள் நேற்று வெள்ளைத் தேநீர் போட்டாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை. கொதி அடங்கிய தண்ணீரில் தேயிலை மொட்டுகளைப் போட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து வடிகட்டிக் கொடுத்தாள்.

"மெதுவா குடிம்மா. பூ வாசன தெரியும்."

கோப்பையை வாங்கியதும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"எதுக்கும்மா சாத்துற? இங்க இன்னா நாத்தம் அடிக்குது?"

என் சின்ன வயதில், வாணியம்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் தோல் பதனிடும் டேனரி இருந்தது. தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளைத் திறக்கும் சாயங்காலங்களில் அம்மா கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, இஞ்சியை ஜாஸ்தியாக நசுக்கிப் போட்டு டீ கொதிக்கவிடுவாள். நாங்கள் உடனே குடிக்க மாட்டோம். டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்து, ஆவியை இழுத்துக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

அந்தத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர் அப்பா. ஒரு நாள் வேலை முடிந்து உள்ளே வந்தவரிடம், "நீ வெளியவே இருப்பா, நாத்தம் உள்ள வருது" என்றேன். எனக்கு ஏழு வயது. அப்பா டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவை அவரே சாத்தினார். டேனரி வேலையை விட்ட பிறகும்கூட, சாகும்வரை அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து டீ குடித்ததில்லை.

சாத்திய அறையில் அந்தப் பூ வாசனையைத் தேடினேன். கிடைக்கவில்லை.

மகள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். என்னையறியாமல் எட்டிப் பார்த்தேன், வெளியே டம்ளரோடு யாராவது நிற்கிறார்களா என்று.