ஊஞ்சலை ஏலம் எடுத்தவர்

என் அறுபத்து மூன்று வயதுக்குள் ஒரே ஒருவரைத்தான் நாலு பேர் பார்க்க ‘ஏமாற்றுக்காரர்’ என்று எழுதியிருக்கிறேன். அவர் உறையூர்க்காரர். ஓடாத சுவர்க் கடிகாரங்களை ஓட வைப்பது அவர் தொழில். அந்த ஒரு வரியால் அவர் பெயர் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் பக்கத்து நியாயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதி வீட்டிலிருந்து அம்மா மண்டபம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு மாறியபோது எங்கள் சாமானில் பாதி உள்ளே நுழையவில்லை. பித்தளைப் பாத்திரமாகவே ஒரு அறை நிறைந்துவிட்டது. பாத்திரக்கடையில் எடைக்குத்தான் எடுப்போம் என்றார்கள். எதிர் ஃபிளாட் பெண் என்னை ஒரு வாட்ஸ்அப் ஏலக் குழுவில் சேர்த்துவிட்டாள். திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் பழைய பொருள் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அதில் இருந்தார்கள். சாயந்திரம் ஆறு மணிக்குப் படம் போட வேண்டும். ஏழு மணிக்கு யார் சொன்ன விலை மேலே நிற்கிறதோ, பொருள் அவருக்கு. மூன்று நாளுக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

வந்தால்தானே எடுப்பதற்கு. துவாக்குடி ஹாஸ்டலில் இருக்கும் ஒரு மாணவர், மூன்று பேரோடு மல்லுக்கட்டி என் காபி ஃபில்டரை ஏலம் எடுத்தார். மறுநாள் “சும்மா ஜாலிக்கு ஏத்தினேன் ஆன்ட்டி” என்று எழுதினார். மணப்பாறை அம்மாள் ஒருத்தி முறுக்கு அச்சை எடுத்துவிட்டு, படத்தில் பெரிசாகத் தெரிந்தது என்றாள். பக்கத்தில் தீப்பெட்டி வைத்துத்தான் படம் எடுத்திருந்தேன். அண்டாவை எடுத்தவருக்கு மாமியார் அனுமதி கிடைக்கவில்லை. அடுக்குப் பாத்திரம் எடுத்தவர் என் எண்ணையே தடை செய்துவிட்டார்.

நான் முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவில் இருந்தவள். ரசீதில் தேதி மட்டும் வேறு மையில் இருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்காது. அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை. ஏலத்தில் இரண்டு எண்கள் எப்போதும் ஒன்றோடொன்று போட்டி போட்டு, இரண்டும் கடைசியில் நழுவுவதைக் கவனித்தேன். இரண்டின் முகப்பிலும் செவ்வந்திப் பூ. இது கூட்டு என்று முடிவு கட்டினேன். பிறகு குழுவை நடத்துகிறவர் மேல் சந்தேகம் வந்தது. என்னைச் சேர்த்துவிட்ட எதிர் ஃபிளாட் பெண் மேலும் கொஞ்சம் வந்தது. ஒரு நோட்டில் எல்லோருடைய எண்ணையும் அவர்கள் சொன்ன சாக்கையும் எழுதி வைத்தேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, “நீ பாத்திரம் விக்கறயா, விசாரணைக் கமிஷன் நடத்தறயா?” என்றார்.

அப்போதுதான் ஊஞ்சலைப் போட்டேன். பெருமாள் விக்கிரகத்தை ஏளப் பண்ணி, அதாவது எழுந்தருள வைத்து, ஆட்டுகிற பித்தளை ஊஞ்சல், ஒரு முழ உயரம். புக்ககத்தது ஒன்று, பிறந்தகத்தது ஒன்று என்று எங்களிடம் இரண்டு இருந்தன. பெருமாள் ஒருத்தர்தான். ஏலம் சூடு பிடித்தது. ஏழு மணிக்கு அரை நிமிஷம் இருக்கும்போது கடிகாரக்காரர் ஐம்பது ரூபாய் ஏற்றி முடித்தார். “நாளைக்கே வந்து எடுத்துக்கறேன் மேடம்” என்று எழுதினார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் அனுப்பிய செய்தி எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“அவங்க இப்போ பேச முடியாதுங்க. ரெண்டு வாரம் போகட்டும், அவங்களே வருவாங்க.”

“ஏன், ஊர்ல இல்லையா?”

“இருக்காங்க. வந்து சொல்லுவாங்க மேடம்” என்று வைத்துவிட்டாள்.

ஊரில் இருக்கிற மனிதரால் பேச முடியாதாம். காவேரிப் பாலத்தைத் தாண்டி வர இரண்டு வாரமாம். மனைவியைப் பேசவிட்டு ஒளிந்துகொள்கிற ஆள் என்று தீர்மானித்தேன். நோட்டில் எழுதியது போதாதென்று குழுவிலேயே எழுதினேன்: “இந்த எண் ஏமாற்றுக்காரர். யாரும் நம்ப வேண்டாம்.” அரை மணி நேரத்தில் நாற்பது பேர் ஆமோதித்தார்கள். தன் கடிகாரத்தில் அவர் பழைய ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டுவிட்டதாக ஒருவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. அன்றைக்கே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. ஊஞ்சலை அடுத்த விலை கேட்டவருக்குத் தருவதாகச் சொன்னேன். அவரும் ஆர்வம் போய்விட்டது என்றார்.

பதினெட்டாம் நாள் காலை வாசல் மணி அடித்தது. சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தேன். ஐம்பது வயது மனிதர். தலை மொட்டை, மீசையும் இல்லை. திருப்பதிக்குப் போய்விட்டு வந்து கதை சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

“உறையூர்லேர்ந்து வரேங்க மேடம். ஊஞ்சல் எடுத்திருந்தேனே. அம்மா தவறிட்டாங்க. நேத்துதான் எல்லாம் முடிஞ்சு வீடு கழுவினோம்.”

சங்கிலியைக் கழற்றி உள்ளே அழைத்தேன். உட்காரச் சொன்னேன். ஏலத்தன்று அவருடைய அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாராம். விடாதே, இன்னும் ஐம்பது ஏத்து என்றது அந்த அம்மாதானாம். மறுநாள் விடிகாலையில் போய்விட்டார்.

“தீட்டோட பெருமாள் சாமானைத் தொடக் கூடாதுல்ல. என் வீட்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். அவங்க என்னன்னா, ஸ்ரீரங்கத்துக்காரங்க கிட்ட ஊஞ்சல் விஷயமா பேசறப்ப சாவைச் சொன்னா மனசு சங்கடப்படுவாங்கன்னு சொல்லாம விட்டுட்டாங்க. அம்மா கேட்ட விலைங்க, நான் மாற முடியாது.”

போன வருஷம் எங்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. பத்து நாள் நாங்களும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டு வாரம் என்று ஒரு பெண் தயங்கிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்ரீரங்கத்தில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தோன்றவில்லை.

“இன்னொண்ணு மேடம். குரூப்லேர்ந்து என்னை எடுத்துட்டாங்க, ஏன்னு தெரியல. எனக்கு வேலை வர்றதே அதுலதான். அங்க எனக்கு வேற யார் கிட்டயும் இப்படிப் பேசிப் பழக்கமில்ல. நீங்க கொஞ்சம் சொல்லிச் சேத்துவிடறீங்களா?”

பார்க்கிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு அதற்குத்தான் தயாராக இருந்தது. “எடுக்க வெச்சது நான்தாங்க” என்றேன். எழுதியதையும் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். போனை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“அப்ப ஊஞ்சலை வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்தேன். பேசிய விலையைக் கொடுத்தார். வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காபியும் வேண்டாம் என்றார். ஊஞ்சலைத் துண்டில் சுற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். எனக்கு அழுகை வந்தது. என் மேலேயே அப்படி ஒரு கோபம்.

அன்றைக்கே குழுவை நடத்துகிறவரிடம் மன்றாடி அவரைத் திரும்பச் சேர்க்க வைத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது, அவரைப் போல நாணயமானவரை நான் இந்தக் குழுவில் பார்த்ததில்லை என்றும் எழுதினேன். முன்பு அரை மணியில் நாற்பது பேர் வந்தார்கள். இப்போது இரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். மூன்றாவதாக ஒருவர் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார்: “மேடம், அந்த ஆள் வீட்டுக்கு வந்து உங்களை மிரட்டி இப்படி எழுத வெச்சாரா?”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.