சாமிக்கு வைத்த மிட்டாய்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு பஸ் டெப்போவின் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கதவு சாத்திய அறை. உள்ளே என் மனைவி லலிதா, ஒரு வெள்ளைக்கார மேனேஜருக்குப் பிரசாதம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு தின்பண்டத்தைச் சாமி முன்னால் வைக்கிறோம், தீபம் காட்டுகிறோம், அதன் பிறகு யார் கையில் கொடுத்தாலும் அவர் வேண்டாம் என்று சொல்வதில்லை... இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வீர்கள்? அதுவும் எதிரில் இருப்பவர், "அந்த மிட்டாயில் என்ன இருக்கிறது என்று வாங்கிக்கொண்டவர் உங்களைக் கேட்டிருக்கலாமே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால்?

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். குகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அண்ணை... பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ" என்றார். மாற்றிவிட்டேன்.

குகன் யாழ்ப்பாணத்துக்காரர். கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் எங்களுக்கு அடுத்த தெரு. அகதியாக வந்து, பெட்ரோல் பங்கில் நின்று, கடைகளில் பெட்டி தூக்கி, கடைசியில் பஸ் டிரைவர் ஆனவர். சிவப்பு டபுள் டெக்கர். குடிக்க மாட்டார், சிகரெட் கிடையாது. "லண்டன்ல எனக்கெண்டு இருக்கிறது இந்த லைசன்ஸ் ஒண்டுதான் அண்ணை" என்று அடிக்கடி சொல்வார். ஷிப்ட் ஒத்துவந்தால் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டு விளக்கு பூஜைக்கு வந்துவிடுவார். நாங்கள் தமிழ்நாடு, அவர்கள் இலங்கை. ஆனாலும் லலிதாவுக்கு அவர் தம்பி மாதிரி.

இன்னொரு ஆள் பிரணவ். லலிதாவின் ஒன்றுவிட்ட அண்ணன் பையன். பெங்களூரில் ஐடி வேலை, கை நிறையச் சம்பளம். லண்டன் சுற்றிப்பார்க்க வந்து எங்கள் வீட்டில் தங்கினான்.

வந்த அன்றைக்கே போனை நீட்டினான். "மாமா, இதான் என் பிளான்."

பார்த்தேன். லண்டன் டூரிஸ்ட் கைடு. ஆனால் கோட்டை, பாலம், அரண்மனைக்கான கைடு அல்ல... கஞ்சாப் பிரியர்களுக்கான கைடு! பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஹோட்டலுக்கு ஸ்டார் போடுவதுபோல் இலை போட்டிருந்தார்கள். கேம்டன்: கால்வாய்க் கரை, நல்ல கூட்டம், வாசனையை யாரும் சட்டை பண்ண மாட்டார்கள் — நாலு இலை. பிரிக்ஸ்டன்: இசை, சாப்பாடு — நாலு இலை. பிரிம்ரோஸ் ஹில்: சூரியன் மறைவதைப் பார்க்க வசதியான மேடு — அஞ்சு இலை. மியூசியத்து டைனோசர் எலும்பை எந்த நிலைமையில் போய்ப் பார்த்தால் நல்லது என்றுகூட ஒரு பாரா.

எல்லாம் முடிந்து கடைசியில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸில் ஒரு வரி இருந்தது. இந்த நாட்டில் இது சட்டவிரோதம் என்று.

"இதப் படிச்சியாடா?"

"அதெல்லாம் சும்மா மாமா. இங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க."

அவன் சொன்னதில் பாதி உண்மை. லண்டனில் எந்தப் பார்க்குக்குப் போனாலும் மூக்கு சொல்லிவிடும். அவனுக்கு வயது இருபத்தேழு. நான் என்ன, பிரம்பையா எடுக்க முடியும்? வீட்டுக்குள் புகை கூடாது என்றேன். "சேச்சே, பிராமிஸ் மாமா" என்றான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வீட்டுக்குள் புகையே வரவில்லை... மிட்டாயாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பிரணவ் அஞ்சு இலை மேட்டில் சூரியன் மறைவதைப் பார்க்கப் போயிருந்தான். டைனிங் டேபிளில் பளபளவென்று ஒரு பாக்கெட். பழப் படம், சிரிக்கும் கார்ட்டூன், ஓரத்தில் ஒரு பச்சை இலை. லலிதாவுக்கு இந்த ஊர் ஜெல்லி மிட்டாய்களில் எப்போதும் சந்தேகம் உண்டு, மாட்டு எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும் என்று. திருப்பிப் பார்த்திருக்கிறாள். பின்பக்கம் இருந்த பொடி எழுத்தில் ஒன்றும் புரியவில்லை. முன்பக்கம் பச்சை இலை. பச்சை என்றால் சைவம்தானே?

எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை எந்த இனிப்பு வீட்டில் இருந்தாலும் முதலில் சாமி ஷெல்ஃபுக்குப் போக வேண்டும். ஊரிலிருந்து வந்த பிள்ளை வாங்கி வைத்தது என்றால் கேட்கவே வேண்டாம். வாழைப்பழம், கல்கண்டு, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில், பாக்கெட்டில் மீதியிருந்த மூன்று ஜெல்லி மிட்டாய். காலிக் கவர் குப்பைக்குப் போனது. தீபம் காட்டினாள்.

பிரணவ் கிளம்பிய பிறகு வெளியே நல்ல மழை பிடித்துக்கொண்டது. பூஜைக்கு வந்தது குகன் ஒருவர்தான். எனக்குச் சர்க்கரை, லலிதாவுக்கு விரதம். மூன்றையும் அவர் கையிலேயே கொடுத்தாள். ஒன்றைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டார். "அப்பிக்கு ஒண்டு" என்று மகளுக்காக ஒன்றை டிஷ்யூவில் மடித்து சட்டைப் பையில் வைத்தார். இன்னொன்றையும் வைக்கப் போனவரை லலிதாதான் தடுத்தாள். "நீங்களும் சாப்பிடுங்க குகன், நாள் பூரா வண்டி ஓட்டிட்டு வர்றீங்க" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

எட்டு மணி வாக்கில் சுபாவின் போன். குகனின் மனைவி. "அண்ணை, இவருக்கு ஏதோ செய்யுது. கெதியா வாங்கோ."

ஓடினேன். குகன் கட்டிலில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வியர்வை. கண் சிவந்திருந்தது. "நெஞ்சு படபடக்குது அண்ணை... சுவர் எல்லாம் கிட்ட வாற மாதிரிக் கிடக்கு. நான் சாகப் போறனோ?"

ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். ஆஸ்பத்திரியில இருதய வருத்தம் எண்டு எழுதினால் லைசன்ஸைப் பறிச்சுப் போடுவினம். ஏலாது அண்ணை. விடுங்கோ, படுத்தால் சரியாகும்."

நானும் சுபாவும் எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, தூங்கிப்போனார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் ரத்தம் எடுத்திருப்பார்கள், தெரியாமல் ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று ஒரு டாக்டராவது சாட்சி இருந்திருப்பார். லைசன்ஸைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார். அதுவே அவரைக் கவிழ்த்தது.

மறுநாள் மத்தியானம் ஷிப்ட். தலை கொஞ்சம் பாரமாக இருந்தாலும் சரியாகிவிட்டது என்று டெப்போவுக்குப் போயிருக்கிறார். இங்கே பஸ் டிரைவர்களை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தி வாயில் குச்சி விட்டு போதை டெஸ்ட் எடுப்பார்கள். அன்றைக்கு அவர் முறை. சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாராம். ஏதோ காட்டுகிறது, லேபுக்கு அனுப்புகிறோம், ரிசல்ட் வரும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருமல் மருந்தாக இருக்கும் என்று நினைத்தார். வெட்கத்தில் எங்களிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரணவ் ஊருக்குக் கிளம்பினான். காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினான், அது வேறு.

ரிசல்ட் வந்த அன்று குகன் எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "அண்ணை, கஞ்சாவாம்... எனக்குள்ள கஞ்சா இருக்காம்."

லலிதாதான் அவரை உட்காரவைத்து, அந்த வெள்ளிக்கிழமை என்னென்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். காலையில் பாண், அதாவது பிரெட். மத்தியானம் சோறும் பருப்பும். சாயங்காலம்... சொல்லிக்கொண்டே வந்தவர் சாமி ஷெல்ஃபைத் திரும்பிப் பார்த்தார். லலிதாவும் பார்த்தாள். எனக்கு பிரணவ் நீட்டிய அந்த போனும் அதிலிருந்த இலைகளும் ஞாபகம் வந்தன.

"குகன்... அப்பிக்குன்னு எடுத்துட்டுப் போனீங்களே?"

"சுபா எடுத்து எங்கட சாமிப் படத்துக்கு முன்னால வைச்சவ..." என்று சொல்லும்போதே எழுந்துவிட்டார். செருப்பைக்கூடப் போடவில்லை. ஈரத் தெருவில் அந்த மனிதர் ஓடியதை நான் மறக்க மாட்டேன். பின்னாலேயே நானும் ஓடினேன்.

இருந்தது. ஒரு மூலையில் மட்டும் பல் பட்ட அடையாளம். புளிக்கிறது என்று குழந்தை துப்பிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டதாம். குகன் அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

இதுதான் அத்தாட்சி, டெப்போவில் வைக்கப்போகும் விசாரணைக்கு எடுத்துப் போகலாம் என்றேன். டிரைவர்கள் யூனியன்காரர் போனிலேயே பதறிவிட்டார். அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம், எடுத்துக்கொண்டு டெப்போவுக்குள் வந்தால் வேலையோடு சேர்த்து கேஸும் வரும் என்றார். கவரோ எப்போதோ குப்பை லாரியில் போய்விட்டது. கடைசியில் அவருக்கு இருந்த ஒரே சாட்சியை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம்.

சரி, வாங்கியவன் இருக்கிறானே? பிரணவுக்கு போன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தான்! "ஐயோ... குகன் அங்கிளா சாப்ட்டாரு? நான் பாக்கெட்டக் காணோம்னு தேடினேன் மாமா. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு ஆத்திரத்தில் வாய் குழறியது. ஒரே ஒரு ஈமெயில் போதும்டா என்றேன். நான்தான் வாங்கினேன், அது என்னவென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்று எழுதி அனுப்பு. ஒரு குடும்பம் பிழைக்கும்.

அப்பாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். இருபத்தேழு வயது! கஞ்சா வாங்க அப்பாவைக் கேட்கவில்லை.

அப்பா பேசினார். "மாப்ள, அவனுக்குப் பொண்ணு பாத்துட்டிருக்கோம். அமெரிக்கா விசா வேற போட்டிருக்கான். இந்த நேரத்துல எழுத்துல ஏதாவது குடுத்தா நாளைக்கு அவன் லைஃபே போயிரும். யாரோ ஒரு சிலோன்காரருக்காக..."

லைனைத் துண்டித்தேன். இரண்டு நாள் கழித்து லலிதா கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை லலிதா அந்த அறைக்குள் போனாள். அவள் ஒரு ஸ்கூலில் டீச்சிங் அசிஸ்டென்ட். வீட்டில் போதைப்பொருள் இருந்தது என்று தன் வாயால் சொன்னால் அவள் வேலைக்கும் ஆபத்து. சொன்னேன். "என் கையாலதாங்க குடுத்தேன்" என்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மேனேஜர் நல்ல மனிதர்தான். லலிதா சொன்னதை நம்புவதாகவே சொன்னாராம். ஆனால் எப்படி உள்ளே போனது என்பது கேள்வியில்லை, உள்ளே இருந்ததா என்பதுதான் ரூல். டெஸ்ட் வைக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் வண்டியை எடுத்திருப்பார். இரண்டு மாடி நிறைய ஜனங்கள். தள்ளுவண்டியில் குழந்தைகள்.

அந்த ரூலை என்னால் திட்டக்கூட முடியவில்லை. நானும் பஸ்ஸில் போகிறவன்தான்.

வேலை போய்விட்டது. அப்பீல் உண்டு, ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று யூனியன்காரரே சொல்லிவிட்டார். குகன் யூனிஃபார்ம் ஜாக்கெட்டை மடித்து கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பும்போது மூன்று பேரும் அவர் ஓட்டிய அதே ரூட்டில்தான் வந்தோம். டிரைவர் பெண் அவரைப் பார்த்ததும் கை ஆட்டினாள். இவரும் ஆட்டினார். டிக்கெட் மெஷினில் கார்டைத் தட்டிவிட்டுப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து என்ன தோன்றியதோ, அந்த கைடைத் தேடித் திறந்தேன். கீழே வாசகர் கருத்துகள். புதிதாக பிரணவின் போட்டோவோடு ஒன்று. 'செம ஊர். ஒரு பிரச்னையும் இல்ல. அஞ்சு இலை.'

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. குகன் வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். பக்கத்தில் பார்க்கிங் என்கிற பேட்டையில், ஒரு குடோனில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம், அங்கிருந்து நேராக வந்திருந்தார். லலிதா தீபம் காட்டினாள், விபூதி கொடுத்தாள். அதோடு தட்டைக் கீழே வைத்துவிட்டாள். தட்டில் அவளே கிண்டிய சர்க்கரைப் பொங்கல் இருந்தது. அரிசி முதல் முந்திரி வரை அவளே வாங்கியது. இருந்தும் கொடுக்க முடியவில்லை.

குகன் தட்டுக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"தாங்கோ அக்கா. இனி ஆர் என்னை டெஸ்ட் பண்ணப் போயினம்?"