குருசாமி வீட்டு ஹால் சுவரில் தலைப்பாகைக் கிழவர்

அய்யலூர் ஆட்டுச்சந்தைத் தரகர் குருசாமி ஐம்பத்தாறு வயதில் ஓவியக் கலையைத் தழுவியதற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல. மனைவியின் தம்பி சோலைமுத்து. கலை வரலாறு இதை மறைக்கலாம். நான் மறைப்பதாக இல்லை.

திண்டுக்கல்லில் குருசாமி கட்டிய புது வீட்டின் ஹாலில் ஒரு சுவர் காலியாக இருந்தது. அதே சந்தையில் போட்டித் தரகரான சோலைமுத்து, கும்பிட்ட கையோடு தான் நிற்கும் ஆறடி போட்டோவைச் சட்டம் போட்டு அனுப்பிவைத்தார். அந்த முகத்தைப் பார்த்தபடி ஆயுள் முழுக்கக் காபி குடிப்பதா? தானே ஒரு படம் வரையப்போவதாகக் குருசாமி வாயை விட்டுவிட்டார். பால் காய்ச்சும் நாளுக்குள் வரைந்தால் அவர் படம், இல்லாவிட்டால் தம்பி படம் என்று மனைவி சொர்ணலட்சுமி தீர்ப்பளித்தார். ஆட்டைத் தடவுகிற கைக்கு ஆயில் பெயிண்டிங் ஒரு கேடா என்று தம்பி கேட்டதும் காதுக்கு வந்தது.

மறுநாளே குருசாமி, சௌந்தர்யாவின் ஓவிய வகுப்பில் சேர்ந்தார். இருபத்தாறு வயது ஆசிரியை. சிரிப்பு கட்டணத்தில் சேராது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய சீமை ஓவியமொன்றின் அச்சுப்படத்தை நீட்டி, அதில் இருந்த தலைப்பாகைக் கிழவரை அப்படியே பார்த்து வரையச் சொன்னார்.

"வாயத் தொறந்திருந்தா பல்லப் பாத்து வயசு சொல்லிருவேன். இவன எப்பிடி நம்புறது?" என்றார் குருசாமி.

"நீங்க வாங்கப் போறதில்ல அங்கிள், வரையப் போறீங்க."

முதலில் பழுப்பு நிறத்தில் வெளிச்சமும் நிழலும் மட்டும். அது காய்ந்தபின் மெல்லிய வண்ண அடுக்குகள், ஒன்று காய்ந்தால்தான் அடுத்தது. குழைக்க ஆளிவிதை எண்ணெய். கிழவருக்கு இரண்டு முறை ஆட்டுக்கண் விழுந்தது; இரண்டு முறையும் சௌந்தர்யா கத்தியால் சுரண்டி எறிந்தார். முப்பது வருடமாக யாரும் சரக்கைத் திருப்பியனுப்பாத மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை வரைந்தார். இந்த முறை கிழவர் மனிதனாகவே பார்த்தார். 

கடைசி அடுக்கை மட்டும் வீட்டில் போட்டார். அங்கேதான் தரகர் புத்தி குறுக்கே வந்தது. கடையில் மூடி வைத்து விற்கும் ஆளிவிதை எண்ணெயை நம்பலாமா? வடமதுரைச் செக்கில் கண்ணெதிரே ஆட்டிய கடலை எண்ணெயை ஊற்றிக் குழைத்தார்.

மூன்று வாரம் கழித்து, பால் காய்ச்சும் நாளன்று, கிழவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவர்போல் மினுங்கினார். விருந்துக்கு வந்த சௌந்தர்யா குனிந்து மோந்து பார்த்தார்.

"கடலெண்ணெயா அங்கிள்? இது அடுத்த வருசமும் காயாது."

அதற்குள் சோலைமுத்து வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார். கையால் அமுக்கிப் பார்க்காமல் தரகன் எதற்கும் குறை சொல்லமாட்டான். சதை பத்தவில்லை என்றபடி கிழவரின் கன்னத்தை ஐந்து விரலாலும் அழுத்தினார். பிசுக்கென்றது. பழக்கதோஷத்தில் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

படம் கெட்டுவிட்டது, தம்பி படத்தையே மாட்டலாம் என்றார் சொர்ணலட்சுமி. மேலடுக்கைத் துடைத்தால் சரியாகிவிடும் என்றார் சௌந்தர்யா. குருசாமி இருவரையும் கையமர்த்தினார்.

"அப்பிடியே இருக்கட்டும். மாப்ள கைதான் இதுல வந்துருச்சே. அவருக்குத் தனியா போட்டோ எதுக்கு?"

ஆறடிப் போட்டோ இப்போது பீரோவுக்குப் பின்னால், சுவரைக் கும்பிட்டபடி நிற்கிறது. சோலைமுத்து பண்டிகைக்குத் தவறாமல் வருகிறார். கன்னத்தில் ஐந்து விரல் பதிந்த கிழவருக்கு முதுகைக் காட்டி, நாலடி தள்ளியே உட்காருகிறார்.