றொசல்லயில் ஓட்டிய மீன் படம்

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் படம் காட்டும் வேனில் நான் ஒப்பரேட்டராக இருந்தேன். ஒரு புரொஜெக்டர், ஜெனரேட்டர், சில ரீல்கள், ஒரு வெள்ளைத் திரை. எங்கள் சரக்கு அவ்வளவுதான்.

றொசல்லவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பகல் காட்சி. பள்ளிக்கூட ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். மலையில் பிறக்கும் ஆறு கடலுக்குப் போவதைப் பற்றிய ஆங்கிலப் படம். ரோஸ்லின் டீச்சர் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

பாதிப் படத்தில் கம்பளி இடுக்கு வழியே பனிமூட்டம் உள்ளே நுழைந்தது. லென்ஸ் வெளிச்சம் பட்டு அறை முழுவதும் பால் நிறமாயிற்று. திரையில் ஓடிய மீன்களின் சாயல் பிள்ளைகளின் தலைக்கு மேலே மிதந்தது. ஈரம் மெஷினுக்கு ஆகாது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. பிள்ளைகள் சத்தமே இல்லாமல் கையை உயர்த்தி மீன்களைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம லயத்து வீடுகளுக்குக் கீழ ஓடுற ஓடையும் மகாவலியில சேந்து கடலுக்குத்தான் போகுது" என்றார் டீச்சர்.

சில மாதங்கள் கழித்து மறுபடி போனேன். தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கும் தொழிலாளி முனியாண்டி, தன் மகள் செல்வியோடு வாசலில் நின்றிருந்தார்.

"ஐயா, நீங்க படத்தக் காட்டிட்டுப் போயிட்டீங்க. இவ என்னைய ஓடையில மருந்து டேங்கக் கழுவ விடமாட்டேங்குறா. தண்ணிக்குள்ள எறங்கி நிக்கிறா. நேரமாயிருச்சுன்னு கங்காணி அரைப் பேருதான் போட்டாரு."

"இவ மட்டுமில்லைங்க, பள்ளிக்கூடமே போய் நிக்குது" என்றார் டீச்சர்.

எனக்குப் பயமாகிவிட்டது. நான் காட்டிய படத்தால் ஒருவருக்கு அரைநாள் கூலி போயிருக்கிறது. மற்றப் பள்ளிகளில் இதே படத்துக்குக் கைதட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள்.

"அப்படி என்னதான் காட்டுனீங்க? எனக்கும் காட்டுங்க" என்றார் முனியாண்டி.

மறுபடி கம்பளி கட்டினோம். சின்ன பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து பார்த்தார். மீன்கள் வந்தபோது, "இதுதாம்ப்பா" என்று செல்வி அவர் காதில் சொன்னாள். ரீல் முடிந்து திரை வெறும் வெள்ளையான பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இம்புட்டுத் தூரமா போகுது" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "சரிம்மா, அப்ப டேங்க எங்க கழுவுறது?"

படத்தில் அதற்குப் பதில் இல்லை. நால்வரும் மலைக்கு ஏறினோம். ஓடைக்கு எட்டாத மேட்டில் முனியாண்டி ஓர் இடத்தைக் காட்டினார். "இங்கன குழி வெட்டலாம். ஆனா தண்ணி தூக்கியாந்தா நேரம் போயிரும்."

"நாங்க தூக்கியாறோம்" என்றாள் செல்வி.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் வாளிகளில் நல்ல தண்ணீர் சுமந்து அங்கே ஒரு பீப்பாயை நிரப்பினார்கள். ஆட்கள் குழியோரம் டேங்க் கழுவினார்கள். கங்காணி முழுப் பேர் போட்டார். சில வருடங்கள் கழித்துப் போனபோதும் பீப்பாய் நிறைந்திருந்தது. சுமந்தவர்கள் வேறு பிள்ளைகள்.

படம் பிள்ளைகளுக்கு ஆசையைக் கொடுக்கும். அந்த ஆசைக்கு ஒரு வேலையை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும், திரையைச் சுருட்டுமுன் பிள்ளைகளிடம், "உங்க ஓடையக் காட்டுங்க, போவோம்" என்பேன். இறங்கி நடப்போம். நேரமாயிற்று என்று டிரைவர் மேலே வேனில் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பார். அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.