நாற்பத்தேழாம் கல்

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

முதலில் ஒரு சின்னக் கணக்குதான் இடித்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரே இடத்திலிருந்து மூன்று முறை அழைப்பு. "நாற்பத்தேழாம் கல்லுகிட்ட இருக்கேன். சீக்கிரம் வாங்க." மூன்று முறையும் வண்டி ஆளில்லாமல் திரும்பியது. ஓட்டியது என் தம்பி. இன்னொரு தடவை இப்படி வெறும் வண்டியோடு வந்தால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

"என்னக்கா, அந்த ரோட்டை வரைஞ்சது நீதானே? ஒரு கிலோமீட்டரையே காணோம். சுருட்டி வீட்டுல வெச்சிருக்கியா?"

சிரித்தேன். பிறகு விளக்கினேன், விளக்குவது எனக்குப் பிடிக்கும். பழைய நான்குவழிச் சாலை ஒரு குன்றின் இடுப்பைச் சுற்றிப் போனது. அந்தக் குன்றோ கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. தடுப்புச் சுவர் கட்டிப் பார்த்தார்கள். சுவரும் சேர்ந்து நகர்ந்தது. அதனால் சாலையையே கீழே வயல்வெளிக்கு மாற்றினோம். சுற்றாமல் நேராகப் போவதால் ஒரு கிலோமீட்டர் மிச்சம். அதற்காக, சாலையின் கடைசி வரை உள்ள கற்களையெல்லாம் பிடுங்கி, எண் மாற்றி நட யாரால் முடியும்? எங்கள் தொழிலில் ஓர் எண்ணைத் தாண்டிவிடுவோம். நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தெட்டு. பழைய சாலையை உடைத்து, மண் கொட்டி, மரமும் நட்டாயிற்று.

"அப்ப யாருக்கா கூப்பிடறது?"

தெரியவில்லை. நான்காவது அழைப்பு வந்தபோது நானும் ஏறிக்கொண்டேன். மேலாளரிடம் சொல்ல அவனுக்கு ஒரு சாட்சி வேண்டுமே. மதியம். லேசான தூறல். நாற்பத்தாறாம் கல்லைக் கடந்தோம்.

அங்கிருந்து சாலை நேராகத்தான் போக வேண்டும். ஆனால் வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது... வளைவில் சாலையின் வெளிவிளிம்பை உயர்த்திக் கட்டுவோம், வேகத்தில் வண்டி வெளியே சறுக்காமல் இருக்க. அந்தச் சாய்வு என் உடம்புக்கு அத்துப்படி. என் வரைபடத்தில் அது இங்கே இல்லை.

பிறகு அந்தச் சத்தம். தட்... தட்... தட்...

கான்கிரீட் பலகைகளின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம். பழைய சாலைதான் கான்கிரீட். நாங்கள் போட்டது தார்.

"தம்பி, திருப்பு."

"கல்லு தெரியுதுக்கா."

தெரிந்தது. 47. அதன் அருகே யாரோ குப்புறக் கிடந்தார்கள். வண்டி நின்றது.

"இறங்காத. சொன்னாக் கேளு."

"ஆள் கிடக்குதுக்கா. எப்படி விட்டுட்டுப் போறது?"

கதவு திறந்தது.

மூடியது.

வைப்பர் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்தது...

நேர்ச்சாலை. தார். எதிரே நாற்பத்தெட்டாம் கல்.

பக்கத்து இருக்கை காலி.

நாய்களை வைத்துக் குன்று முழுக்கத் தேடினார்கள். மூடிய மண்ணைத் தோண்டச் சொல்லிக் கெஞ்சினேன். தோண்டினார்கள். மண்தான் வந்தது. புதிய சாலையோரம் ஒரு நாற்பத்தேழாம் கல்லை நட்டுப் பார்த்தேன். அழைப்பு நிற்கவில்லை. இன்னொரு ஓட்டுநர் போனார். அவரும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகுதான் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். எல்லாமே ஒரே குரல். என் தம்பியின் குரல். முதல் அழைப்பு வந்த நேரத்தில் அவன் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அழைப்பு இன்னும் வருகிறது. அவனேதான். சீக்கிரம் வாங்க என்கிறான்.

என்ன செய்ய வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கல்லிலிருந்து அழைத்தால் வண்டி அனுப்பக் கூடாது. இப்போது அனுப்புவதில்லை. அதன் பிறகு யாரும் காணாமல் போகவில்லை.